புது ஆட்டோ எவ்வளவு குடிக்கும்?
ஐயங்கார்குளம் சவாரியில் டிரைவர் போடும் லிட்டர் கணக்கு

ஐயங்கார்குளம்:

"புது வண்டியா அண்ணே? மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"

காஞ்சிபுரத்தில் மாலையும் சந்தனமுமாக ஒரு புது ஆட்டோ ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் முதலில் விழும் கேள்வி இதுதான். விலை என்ன, தவணை என்ன என்பதெல்லாம் அப்புறம்!

புது வண்டிக்காரர் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். ஷோரூமில் சொன்ன கணக்கு ஒன்று. பங்க்கில் பையில் இருந்து பணம் எடுக்கும்போது வரும் கணக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருந்ததாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை.

லிட்டருக்கு ஐந்து கிலோ மீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று சவாரி போகிறவர்கள் நினைக்கலாம். பின்சீட்டில் உட்கார்ந்தவருக்கு அது பெரிய விஷயம் இல்லைதான். ஹேண்டில் பிடிப்பவருக்கு அதில்தான் வீட்டு அரிசியே இருக்கிறது.

இதோ கணக்கு

காஞ்சிபுரத்தில் இருந்து செவிலிமேடு தாண்டி, பாலாற்றைக் கடந்து, வயல்காட்டு வழியாகப் போனால் ஐயங்கார்குளம். பத்து கிலோ மீட்டருக்குள்தான். சஞ்சீவிராயர் கோயிலும், கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடக்கும் குளமும், நடவாவிக் கிணறும் உள்ள ஊர். விஜயநகர மன்னர் வேங்கடபதி தேவராயர் காலத்தில் லட்சுமி குமார தாதாசாரியார் வெட்டிய குளம். அந்த 'ஐயங்கார்' வெட்டியதால் ஊருக்கே அந்தப் பெயர்.

சவாரி தூரம் எட்டு கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். லிட்டருக்கு 25 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றால் கிலோ மீட்டருக்கு 4 ரூபாய். எட்டு கி.மீ.க்கு 32 ரூபாய். "பரவாயில்லையே!" என்று சொல்லத் தோன்றும்.

அதுதான் இல்லை! ஆளை இறக்கிவிட்ட பிறகு வண்டி திரும்ப வேண்டாமா? பஸ் வரும் நேரமாக இருந்தால் ஊரில் இருந்து டவுனுக்கு ஆட்டோ ஏற ஆள் இருக்காது. காலி வண்டியாகத்தான் திரும்ப வேண்டும். ஆக 16 கி.மீ. செலவு 64 ரூபாய்.

அதே வண்டி 20 கி.மீ.தான் கொடுக்கிறது என்றால் 80 ரூபாய். ஒரு நடைக்கு 16 ரூபாய் வித்தியாசம். ஒரு டீ காசு போயிற்று. போகட்டும்.

நாள் ஒன்றுக்கு நூறு கிலோ மீட்டர் ஓட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி நாலு லிட்டர் குடிக்கும். இரண்டாவது வண்டி ஐந்து லிட்டர் குடிக்கும். தினம் 100 ரூபாய் நஷ்டம். மாதம் 26 நாள் ஓட்டினால் 2,600 ரூபாய்! இது டீ காசு அல்ல. பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேன் காசு. இல்லாவிட்டால் வண்டித் தவணையில் ஒரு பங்கு.

"மீட்டருக்கு மேல கேக்கறாங்க" என்று பயணிகள் சொல்வதும், "கட்டுப்படி ஆகல சார்" என்று டிரைவர்கள் சொல்வதும் கிளம்பும் இடம் இதுதான். சென்னை நகருக்கு அரசு ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 12 ரூபாய். அப்போது பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. 2021 ஜூலையில் சென்னையில் 100 ரூபாயைத் தாண்டியது. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்த பிறகும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று ஸ்டாண்டில் கேட்டால் ஒரு பதில், பஸ் ஸ்டாப்பில் கேட்டால் வேறு பதில்!

நூறு ரூபாய்க்குப் போடு!

இதில் ஒரு வேடிக்கை. தன் வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று உண்மையிலேயே தெரிந்து வைத்திருக்கும் டிரைவர்கள் கொஞ்சம்தான்.

காரணம், அவர்கள் பெட்ரோல் போடும் முறை. காலையில் நூறு ரூபாய்க்கு, மத்தியானம் இருநூறு ரூபாய்க்கு, ராத்திரி கையில் மிஞ்சியதற்கு. டேங்கில் ஏற்கெனவே எவ்வளவு இருந்தது, எவ்வளவு தீர்ந்தது என்று எப்படித் தெரியும்? "ஒரு லிட்டருக்கு முப்பது ஓடுது" என்று சொல்வது பாதி கணக்கு, பாதி ஆசை.

சரியான முறை ஒன்றுதான். டேங்கை வாய் வரை நிரப்ப வேண்டும். கிலோ மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் மறுபடியும் அதே மாதிரி நிரப்ப வேண்டும். இரண்டாம் தடவை 6.4 லிட்டர் பிடித்து, நடுவில் 160 கி.மீ. ஓடியிருந்தால் மைலேஜ் 25. இதற்கு நோட்டும் பேனாவும் போதும். ஆனால் டேங்கை நிரப்பக் கையில் ஒரே நேரத்தில் எண்ணூறு ரூபாய் வேண்டுமே! கணக்கு உதைப்பது அங்கேதான்.

ஒரு தடவை பார்த்தும் முடிவு செய்யக்கூடாது. நான்கைந்து முறை பார்த்துச் சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

புது வண்டிக்கு அவசரம் ஆகாது

புது ஆட்டோ எடுத்த முதல் வாரத்திலேயே "மைலேஜ் கிடைக்கல, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

புது இஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகியிருக்காது. இறுக்கமாக உரசும். அந்த உராய்வைத் தள்ளவே கொஞ்சம் பெட்ரோல் போகும். கியர், பேரிங், பிரேக் ஷூ எல்லாமே இப்படித்தான். முதல் சர்வீஸ், இரண்டாம் சர்வீஸ் முடிந்து பழைய ஆயிலை மாற்றிய பிறகுதான் வண்டியின் நிஜ குணம் தெரியும்.

அதுவரைக்கும் முழு லோடு ஏற்றி முறுக்கக்கூடாது. ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவதும் கூடாது என்பார்கள். புது மாப்பிள்ளையை மாமனார் வீட்டில் கவனிக்கிற மாதிரிதான்!

பிரேக் ஷூ உரசுகிறதா என்று பார்ப்பது முக்கியம். பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டுக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். கரகரவென்று பிடித்தால், தினமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுகிற கதைதான்.

மூன்று சக்கரம், மூன்று தடம்

காருக்கு நாலு சக்கரம் இருந்தாலும் ரோட்டில் விழும் தடம் இரண்டுதான். முன்சக்கரம் போன வழியிலேயே பின்சக்கரமும் போகும். மோட்டார் சைக்கிளுக்கு ஒரே தடம்.

ஆட்டோவுக்கு மூன்று! முன்சக்கரம் நடுவில் ஒரு தடம், பின்சக்கரங்கள் இரண்டு பக்கமும் இரண்டு தடம். மோட்டார் சைக்கிள்காரர் பள்ளத்தைப் பார்த்து வளைந்து போய்விடுவார். ஆட்டோக்காரர் முன்சக்கரத்தைத் தப்பவைத்தால் பின்சக்கரம் விழும்.

கிராமத்து ரோட்டில் இன்னொரு தொல்லை. கார், லாரி, டிராக்டர் சக்கரம் பட்டுப் பட்டு இரண்டு பக்கத் தடமும் மழமழவென்று ஆகிவிடும். நடுவில்தான் ஜல்லியும் மண்ணும் ஒதுங்கிக் கிடக்கும். ஆட்டோவின் முன்சக்கரம் ஓடுவது சரியாக அந்த நடு ரோட்டில்!

டயரும் சின்னது. உள் வட்டம் எட்டே அங்குலம். பெரிய சக்கரம் தாண்டிப் போகும் குழியில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறும். ஒவ்வொரு தடவையும் வேகம் குறையும், மறுபடி ஆக்ஸிலேட்டர் முறுக்க வேண்டும். டயரில் காற்றும் குறைவாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒரு முறை காற்று பார்க்கிறவருக்கும் பஞ்சர் ஆனால் மட்டும் பார்க்கிறவருக்கும் மைலேஜில் வித்தியாசம் தெரியும்.

பாரமும் சேர்ந்துகொள்கிறது. வெறும் வண்டியின் எடை 350 கிலோவை ஒட்டி. டிரைவரோடு நாலு பேர் என்றால், ஆளுக்கு 60 கிலோ வைத்தாலும் 240 கிலோ. முகூர்த்த நாளில் ஏழு பேரை அடைத்தால் 420 கிலோ. வண்டியைவிட ஆள் கனம் அதிகம்! மைலேஜ் போவது இருக்கட்டும், மூன்று பேருக்கு மேல் ஏற்றுவதே சட்டப்படி தப்பு. பிரேக் பிடிக்கும்போதுதான் அந்தக் கனம் தெரியும்.

நீலப்புகை காலம்

இன்றைய புது வண்டி 'நல்லா குடுக்குது' என்றால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

மூன்று சக்கர வண்டிக்கு மூலம் இத்தாலி. பியாஜியோ கம்பெனிக்காக கொராதினோ தாஸ்கானியோ என்ற இஞ்சினீயர் வடிவமைத்த 'ஆப்பே' 1948ல் வந்தது. இத்தாலி மொழியில் ஆப்பே என்றால் தேனீ. நம் ஊரில் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு, தாங்கள் தேனீயில் போவது தெரியாது!

இந்தியாவில் பஜாஜ் நிறுவனத்துக்கு இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் தயாரிக்க 1959ல் லைசென்ஸ் கிடைத்தது. அதன் பிறகு பல வருஷம் நம் தெருக்களில் ஓடியவை டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள். கையால் லிவரை இழுத்து ஸ்டார்ட் செய்வார்களே, அந்த வண்டிதான். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். தனியாக இஞ்சின் ஆயில் கிடையாது.

டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு பெரிய ஓட்டை. எரிந்த புகையை வெளியே தள்ளுவதே உள்ளே வரும் புது பெட்ரோல்-காற்றுக் கலவைதான். புகை வெளியேறும் வாசலும், கலவை உள்ளே வரும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். விளைவு? எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக அப்படியே வெளியே ஓடிவிடும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் ரோட்டுக்குப் போய்விடும். பின்னால் வந்த நீலப்புகை, ஆயில் எரிந்த புகை.

போதாததற்கு அந்தக் காலத்தில் ரேஷன் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. காசு மிச்சம் என்று நினைத்தார்கள். பிளக் கரி பிடித்தது, பிஸ்டன் தேய்ந்தது, மிச்சம் பிடித்த காசு மெக்கானிக் கைக்குப் போனது.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் வால்வுகள் தனித்தனியாகத் திறந்து மூடுவதால் அந்த ஓட்டை அடைபட்டது. ஆயிலைக் கலக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி வந்தது. கார்புரேட்டர் போய், இஞ்சினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் அளந்து தெளிக்கும் இஞ்செக்டர் வந்துவிட்டது.

பழைய தந்திரம் பலிக்காது!

இங்கேதான் பழைய டிரைவர்கள் ஏமாறுகிறார்கள்.

பாலம் இறங்கும்போது நியூட்ரல் அடித்து வண்டியை உருட்டிவிடுவது பரம்பரைப் பழக்கம். சிலர் இஞ்சினையே அணைத்துவிடுவார்கள். டூ-ஸ்ட்ரோக் காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆயில் பெட்ரோலோடு கலந்து வருவதால், ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுக் கியரிலேயே இறங்கினால் இஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் போதிய ஆயில் போகாது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் பயம். அதனால் கிளட்ச் பிடித்தார்கள்.

இஞ்செக்டர் வண்டியில் கதை தலைகீழ். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டால், சக்கரமே இஞ்சினைச் சுற்றும். அதைத் தெரிந்துகொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரல் அடித்தாலோ, இஞ்சின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் விட்டாக வேண்டும். அதாவது, மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரல் அடிப்பவர்தான் அதிகம் செலவு செய்கிறார்! அத்தோடு சரிவில் பாரத்துடன் நியூட்ரலில் போவது ஆபத்து என்பது தனி.

ஸ்டாண்டில் இளவட்டங்கள் இதைச் சொன்னால் பெரியவர்கள் ஒப்புக்கொள்வது சிரமம். "நாங்க எத்தனை வருஷமா ஓட்டறோம் தம்பி..." என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

லிட்டரா, கிலோவா, யூனிட்டா?

முன்பெல்லாம் மைலேஜ் கேட்டால் ஒரே பதில். இப்போது பெட்ரோல் லிட்டரில், கேஸ் லிட்டரில், சி.என்.ஜி. கிலோவில், பேட்டரி யூனிட்டில்! "என் வண்டி நாப்பது குடுக்குது" என்றால், எதற்கு நாற்பது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிலோ சி.என்.ஜி.யில் உள்ள வெப்பச் சக்தி ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டே வரும். அதனால் கிலோவுக்கு அதிக கி.மீ. ஓடுவதில் இஞ்சினின் சாமர்த்தியம் பெரிதாக இல்லை, எடை போட்ட விதம்தான். எல்.பி.ஜி. இதற்கு நேர் எதிர். ஒரு லிட்டர் கேஸில் இருப்பது பெட்ரோல் லிட்டரின் முக்கால் பங்கு சக்தியை ஒட்டித்தான். மைலேஜ் குறையத்தான் செய்யும். விலை குறைவு என்பதால்தான் லாபம். ஆகவே எத்தனை கி.மீ. என்று கேட்பதைவிட, நூறு ரூபாய்க்கு எத்தனை கி.மீ. என்று கேட்பதே புத்திசாலித்தனம். கேஸ் நிரப்ப எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு நேரம் கியூவில் நிற்க வேண்டும் என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பேட்டரி ஆட்டோ கணக்கு ஆச்சரியமானது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்தி சுமார் ஒன்பது யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த ஒரு லிட்டரில் பெட்ரோல் ஆட்டோ 25 கி.மீ. ஓடுகிறது. பேட்டரி வண்டி ஒரே யூனிட்டில் பத்து கி.மீ.யைத் தொட்டுவிடும். பெட்ரோல் இஞ்சினில் பெரும்பங்கு சூடாகவே வெளியே போய்விடுகிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் கொதிக்கிறதே, அது காசு கொதிப்பதுதான்! பேட்டரி வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் சார்ஜ் தீர்ந்தால் நடு ரோட்டில் கேனில் வாங்கி ஊற்ற முடியாது. காஞ்சிபுரத்தில் இருந்து திடீரென்று சென்னைக்கு ஆஸ்பத்திரி சவாரி வந்தால் யோசிக்கத்தான் வேண்டும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலவையில் மொத்தச் சக்தி ஆறேழு சதவீதம் குறையும். அதற்காகவே அமைத்த புது இஞ்சினில் நஷ்டம் கொஞ்சம்தான். பழைய வண்டிக்காரர்கள் "முன்ன மாதிரி ஓடல" என்று சொன்னால் அதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

வெளிநாட்டு மூணு சக்கரம்

அமெரிக்கா, கனடாவில் ஊர் சுற்றுவதற்கென்றே மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள். கேன்-ஆம் ஸ்பைடர் என்ற வண்டி 2007ல் வந்தது. அதற்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நம் ஆட்டோவைத் திருப்பி வைத்த மாதிரி! 1,330 சி.சி. இஞ்சின் உள்ள அதன் பெரிய மாடலை வாங்கியவர்கள்கூட லிட்டருக்குப் பதினைந்து கி.மீ. கிடைத்தால் சந்தோஷப்படுகிறார்கள். நம் ஊர் ஆட்டோ இஞ்சின் 200 முதல் 236 சி.சி.தான். சுமப்பதோ நாலு பேரையும், காய்கறி மூட்டையையும்.

சித்ரா பௌர்ணமி ராத்திரி

ஐயங்கார்குளத்துக்கு ஆட்டோ கியூ கட்டும் நாள் வருஷத்தில் ஒன்று உண்டு. சித்ரா பௌர்ணமி!

காஞ்சி வரதராஜப் பெருமாள் அன்று ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளுகிறார். நடவாவிக் கிணற்றில் தண்ணீரை இறைத்து வைத்திருப்பார்கள். படி வழியே பெருமாள் கிணற்றுக்குள் இருக்கும் மண்டபத்துக்கே இறங்கிப் போவார். பிறகு பாலாற்றில் உற்சவம். கூட்டம் சொல்லி முடியாது.

அன்று மைலேஜ் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. வண்டி நகராமல் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் லிட்டருக்கு எத்தனை கி.மீ.? பூஜ்யம்! நின்ற இடத்தில் இஞ்சினை அணைக்கும் டிரைவர்கள் புத்திசாலிகள். லிவர் இழுத்த காலத்தில் அது சிரமம். இப்போது பட்டனை அமுக்கினால் போதும். ஆனாலும் முன்னால் நிற்கும் வண்டி அரை அடி நகர்ந்தால் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டுமே என்று யாரும் அணைப்பதில்லை.

இருந்தாலும் அந்த ராத்திரி எந்த டிரைவரும் முகம் சுளிப்பதில்லை. போகும்போதும் ஆள், வரும்போதும் ஆள். பாலாற்றங்கரையில் நின்று "காஞ்சிபுரம்... காஞ்சிபுரம்..." என்று ஒரு குரல் கொடுத்தால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிரசாதப் பையோடு மூன்று பேர் ஏறிவிடுவார்கள்.